பின்பனியும் இளவேனிலும்: பருவமாற்றப் படிமத்தின் சமூக அடிப்படைகள்

1

பனிக்காலம் நீங்கி வேனில் பிறத்தல் உலக இலக்கியங்கள் பலவற்றில் இடையறாது பயின்றுவரும் பொருளாகும். இறப்பின் பின் பிறப்பு, துயரின் பின் மகிழ்ச்சி, அடிமைத்தனத்தின் பின் விடுதலை என்னும் எதிர்வுகளை உணர்த்துவதற்குக் கவிஞர்கள் இம்மாற்றத்தை வாய்ப்பான படிமமாகக் கொண்டுள்ளனர். நவீன தமிழ்க் கவிதையிலும், சிறப்பாக ஈழத்து முற்போக்குக் கவிதையிலும், 'வசந்தம்' என்னுஞ் சொல் ஏறத்தாழப் புரட்சியின் மறுபெயராகவே வழங்கிவந்திருக்கின்றது. கவியரங்குகளிலும் இயக்க ஏடுகளிலும் இலையுதிர்ந்த மரமும் வரவிருக்கும் வசந்தமும் எத்தனை முறை தோன்றின என்பதைக் கணக்கிடுதல் அரிது. நாமும் எமது மாணவப் பருவத்தில் அத்தகைய கவிதைகளைக் கைதட்டி வரவேற்றவர்களே.

ஆயினும் இப்படிமம் எங்கிருந்து வந்தது, எமது மண்ணின் பருவ அனுபவத்தோடு அது எவ்வாறு பொருந்துகின்றது, சமூக மாற்றம் பற்றி அது எமக்குக் கற்பிப்பது யாது என்னும் வினாக்களை நாம் போதிய அளவு எழுப்பியதில்லை. இவ்வினாக்கள் வெறும் அழகியல் வினாக்கள் அல்ல. 2009 ஆம் ஆண்டில் போர் முடிவுற்ற வேளையில், வட மாகாணத்துக்கான தனது அபிவிருத்தித் திட்டத்திற்கு இலங்கை அரசு இட்ட பெயர் 'வடக்கின் வசந்தம்' என்பதாகும். அப்பெயர் அறிவிக்கப்பட்ட ஆண்டில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பி வேலிகளுக்குள் வைக்கப்பட்டிருந்தனர். முற்போக்காளர் பல தசாப்தங்களாக விடுதலையின் குறியீடாகப் போற்றிய சொல்லை ஓர் அரசு இத்துணை எளிதாகத் தனதாக்கிக்கொள்ள முடிந்தது எவ்வாறு? சொல் திருடப்பட்டது என்று கூறி அமைதி கொள்ளலாம். ஆனால், திருடுவோர் எளிதில் எடுத்துச் செல்லத்தக்க நிலையில் அச்சொல்லை நாம் வைத்திருந்தோமா என்பதே சிந்திக்கவேண்டியது. இக்கட்டுரை அவ்வினாவை முன்னிறுத்தியே பின்பனி இளவேனிலாக மாறும் பருவத்தைத் தமிழிலக்கியம் கண்டுள்ள முறையினை ஆராய முற்படுகின்றது.

2

தொல்காப்பியம் அகத்திணைகளுக்குப் பொழுதினை வகுக்குமிடத்து ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகக் கொள்கின்றது. உரையாசிரியர் மரபின்படி மாசியும் பங்குனியும் பின்பனி; சித்திரையும் வைகாசியும் இளவேனில். முல்லைக்குக் காரும், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் உரியனவாகக் கூறப்படுகின்றன. அத்தோடு நில்லாது, பின்பனியும் பாலைக்கு உரியது என இலக்கணம் தனியே குறிப்பிடுகின்றது. இத்தனிக் குறிப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதன்படி, பனிக்காலத்தின் இறுதியிலிருந்து வேனிலின் தொடக்கம் வரையிலான மாற்றம் முழுவதும் ஒரே திணையின் எல்லைக்குள் அடங்கிவிடுகின்றது. அத்திணையின் உரிப்பொருள் பிரிவு.

ஐரோப்பியக் கவிதையில் பயின்றவர்க்கு இது வியப்பளிக்கலாம். அங்கே பனி தனிமையையும் மரணத்தையும், வேனில் கூடலையும் பிறப்பையும் குறிக்கும். தமிழ் மரபிலோ கூதிரும் முன்பனியும் கூடற்குரிய காலங்கள். பனி தளர்ந்து வேனில் அரும்பும் காலமே பிரிதற்குரிய காலம். மீண்டுவந்து சேர்தற்குரிய காலம் கார். பருவச் சக்கரம் இரு மரபுகளிலும் சுழல்கின்றது. ஆனால் மனித வாழ்வு அதனோடு பிணைந்துள்ள இடங்கள் வேறு வேறாக அமைந்துள்ளன.

இவ்வேறுபாட்டைத் தட்பவெப்ப நிலையை மாத்திரம் கொண்டு விளக்குதல் போதாது. வெப்ப நாட்டினர் குளிரை விரும்புவர் என்பது ஓரளவு உண்மையே. எனினும் பிரிவு ஏன் அப்பருவத்தோடு சேர்ந்தது என்பதற்கு அது விடை தராது. விடையை உற்பத்தி வாழ்விலே தேடவேண்டும் என்பது எமது கருத்து. மழை ஓய்ந்து, விளைந்த கதிர் களம் சேர்ந்து, பெருக்கெடுத்த ஆறுகள் வற்றி, சேற்று வழிகள் உலர்ந்து வண்டி செல்லத்தக்கனவாகும் காலம் பின்பனியும் வேனிலுமே. உமணர் உப்பு வண்டிகளோடு புறப்படுவதும், சாத்தர் பொருள் சுமந்து காடு கடப்பதும், வேந்தர் படையெடுப்பதும் வழிகள் திறந்த காலத்திலேதான் இயலும். கார் தொடங்கியதும் வழிகள் அடைபடும், உழவு அழைக்கும், சென்றவன் மீளவேண்டும். பாலையிற் பிரிந்தவன் முல்லையில் மீள்வதென்னும் இலக்கிய மரபின் பின்னால், உற்பத்தியும் பரிவர்த்தனையும் போரும் வகுத்த ஓர் ஆண்டு ஒழுங்கு இருக்கின்றது. திணைக் கோட்பாட்டைப் பண்டைத் தென்னிந்தியச் சமுதாயத்தின் சமமற்ற வளர்ச்சியோடு தொடர்புபடுத்திப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974 இல் வெளியிட்ட ஆய்வு நிலத்தை விளக்கிய முறையிலே, பொழுதினையும் விளக்குதல் சாத்தியமே எனலாம்.

3

இவ்வொளியில் ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியை நோக்குவோம். ஓதலாந்தையார் பாடிய அந்நூறு பாடல்களுள் இளவேனிற்பத்து என்னும் பகுதி ஒன்றுண்டு. அதன் பத்துப் பாடல்களும் ஒரே தொடருடன் தொடங்குகின்றன. தலைவர் வரவில்லை, பருவமோ தானே வந்துவிட்டது என்பது அத்தொடரின் கருத்து. குயில் கூவுகின்றது, கோங்கும் குரவும் வேம்பும் மலர்கின்றன. அவை ஒவ்வொன்றும் தலைவியின் துயரத்தை ஒரு படி உயர்த்துகின்றன. இப்பாடல்களை 'இயற்கை வருணனை' என்னுந் தலைப்பிற் பாராட்டி மகிழ்ந்த விமர்சகர் பலர். ஆனால் அங்கு நிகழ்வது வருணனையன்று. இயற்கை தன் முறைப்படி, எவரையும் கேளாது வருகின்றது. மனிதன் வருதலோ அவன் தேடிச்சென்ற பொருளையும் சென்ற வழியையும் பொறுத்தது. பருவத்தின் காலமும் மனிதரின் காலமும் ஒன்றல்ல என்னும் உண்மையைப் பத்துப் பாடல்களும் திரும்பத் திரும்ப உணர்த்துகின்றன. பின்னர் நாம் இழந்துவிட்ட அறிவு இதுவே; கட்டுரையின் இறுதியில் இதற்கு மீள்வோம்.

பருவம் எல்லோர்க்கும் ஒன்றாக வருவதுமில்லை. கூதிர்க் காலத்தைப் பாடும் நெடுநல்வாடையில், வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலத்துக்கு ஆநிரைகளை ஓட்டிச்சென்ற கோவலர் நெருப்பிற் கைகாய்ச்சி நடுங்குகின்றனர். அதே பாட்டில் மாடங்களில் வாழ்வோர் சாளரங்களை அடைத்து, தடவிலிட்ட நெருப்பின் வெம்மையில் இருக்கின்றனர். குளிர் ஒன்று, அதனை அனுபவிக்கும் உடல்கள் இரண்டு. வேனிலுக்கும் இது பொருந்தும். பாலைப் பாடல்களின் நடுவே நின்று பேசுவது பெரும்பாலும் பொருளுடைய மனையின் தலைவியின் குரல். அவள் அஞ்சும் வழியில் வாழ்பவர் எயினரும் மறவரும். உரையாசிரியர்கள் அவர்களது தொழிலாக ஆறலைத்தலையும் சூறையாடலையும் குறித்துவைத்தனர். நிலம் வறண்டு, வேட்டை குன்றி, வழிப்போக்கரின் பொதியொன்றே உணவுக்கு வாயிலாக எஞ்சிய மக்களின் வேனில் அது. அவர்களது பசியைக் காடுறை கொடுமையின் ஓர் உறுப்பாகவே அகப்பாடல்கள் பெரும்பாலும் கண்டன. அவ்வாறு கண்டமை அப்புலவர்களின் குற்றமன்று. அவர்கள் பாடிய அவையின் எல்லை.

4

பாலைக்கலியிலும் சிலப்பதிகாரத்திலும் இளவேனில் புதியதொரு கோலங் கொள்கின்றது. பாலைக்கலிப் பாடல்கள் சிலவற்றில் வையையும் கூடல் நகரும் காமவேள் விழாவும் இடம்பெறுகின்றன. இங்கே வேனில் வழிகள் திறக்கும் காலமாக மாத்திரமன்றி, நகரத்தார் பொழிலாடும் காலமாகவும் ஆகிவிடுகின்றது. வணிகப் பெருக்கமும் நகர வாழ்வும் ஓய்வுக்குரிய ஒரு வகுப்பினைத் தோற்றுவிக்க, பருவம் அவ்வகுப்பின் விழாவாக உருமாறுகின்றது.

இம்மாற்றத்தின் உச்சத்தைச் சிலப்பதிகாரத்து வேனிற்காதையிற் காணலாம். காமன் அரசனாகவும், தென்றலும் குயிலும் அவன் ஏவலராகவும் வர, வேனில் புகாருக்குள் புகுகின்றது. மாதவி தாழை மடலில் எழுதிய ஓலையைக் கொண்டுசெல்பவளின் பெயர் வசந்தமாலை. பருவம் ஒரு பணிப்பெண்ணின் பெயராகிவிட்ட இக்கட்டம் தற்செயலானதன்று: அரசனும் தூதரும் ஏவலும் நிறைந்த சமுதாயத்தில் இயற்கையும் அரசாட்சியின் சாயலைப் பெறுகின்றது. ஆயினும் இளங்கோ அவ்வலங்காரத்தோடு நின்றுவிடவில்லை. கோவலன் ஓலையை ஏற்க மறுக்கின்றான். பொருளிழந்தவனாய்க் கண்ணகியோடு மதுரைக்குப் புறப்படுகின்றான். காடுகாண் காதையில், வெயிலின் கொடுமையால் முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் விளக்கம் இடம்பெறுகின்றது. வேட்டுவ வரியிலோ எயினர் தமது வறுமையோடும் தெய்வத்தோடும் நேரடியாக மேடையேறுகின்றனர். புகாரின் பொழிலிற் பூத்த அதே வேனில், சில காதைகள் தாண்டியதும் வழிநடப்போரின் கால்களைச் சுடுகின்றது. ஒரு பருவத்தின் இரு முகங்களையும் ஒரே காப்பியத்துள் வைத்த இப்பேராற்றலைப் பிற்காலத்தார் பின்பற்றினாரல்லர்.

பிற்காலத்தில் 'இளவேனில்' பின்தள்ளப்பட்டு 'வசந்தம்' முன்வந்தது. வடமொழிக் காவிய மரபின் செல்வாக்கு இதற்கு ஒரு காரணம். காளிதாசனின் இருதுசங்காரம் முதுவேனிலிலே தொடங்கி வசந்தத்திலே முடிவது. ஆண்டின் முடியாக வசந்தம் அமையும் வரிசை அது. ஆனால் இலக்கியச் செல்வாக்கு தனித்து வருவதில்லை. கோயிலும் நிலமும் அரசும் இணைந்த நிலமானிய அமைப்பிலே வசந்த மண்டபமும் வசந்த உற்சவமும் நிலைபெற்றன. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தம் தலைவியின் பெயரிலேயே குடிகொண்டுள்ளது. வழிகளின் திறப்பும் வணிகனின் பிரிவும் எயினனின் பசியும் அப்பெயரிலிருந்து முற்றாக உதிர்ந்துவிட்டன.

உதிராது எஞ்சிய இடம் ஒன்று உண்டு. அது மக்கள் கலை. மட்டக்களப்புக் கிராமங்களில் கோயில்களை அண்டி ஆடப்பட்டுவந்த வசந்தன் ஆடலின் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் தொகுத்து 1940 இல் 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' என வெளியிட்டார். அம்மரபில் குயிலும் மலரும் மாத்திரமன்றி வேளாண்மை வெட்டும் வசந்தனாகப் பாடப்படுகின்றது. மாரி முடிந்து பெரும்போக நெல் அரிவாளுக்கு வருங் காலத்தை அறிந்த மக்களுக்கு, வசந்தம் என்பது உழைப்பின் பயன் கைக்கு வருதலும் அப்பயனைப் பங்கிடுதலுமாகும். அதே மாவட்டத்திற் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் நிகழும் சடங்கின் பெயர் குளிர்த்தி. ஐரோப்பிய உழவன் வெம்மையை வேண்டி நின்ற காலத்திலே, கிழக்கிலங்கை உழவன் குளிர்ச்சியை வேண்டி நிற்கின்றான். பருவத்தை அதன் உண்மையான இடத்திலிருந்து கண்டோரின் சொல் இது.

5

இனி, புரட்சியின் குறியீடாகிய வசந்தம் எமக்கு வந்த வழியை நோக்குவோம். அதன் முதன்மையான ஊற்றுக்களுள் ஒன்று ஆங்கிலக் கல்வி வழியே எமது தலைமுறைகள் கற்ற ஷெல்லியின் 'மேலைக்காற்றுக்கு' என்னும் பாட்டு. 1819 இல் இத்தாலியில் எழுதப்பட்டு 1820 இல் வெளியான அப்பாட்டு, பனியின் வருகையையே வேனிலின் அண்மைக்குச் சான்றாகக் காணும் வினாவோடு முடிகின்றது. அவ்வாண்டு ஓகஸ்ட் 16 ஆம் திகதி மான்செஸ்டர் நகரின் புனித பீட்டர் திடலில் கூடிய உழைக்கும் மக்கள் மீது குதிரைப்படை ஏவப்பட்டது. ஒடுக்குமுறையின் உச்சத்திலே எழுந்த நம்பிக்கை அது. அதன் வரலாற்று நியாயத்தை எவரும் மறுத்தற்கில்லை. ஆனால் ஷெல்லி அதே ஆண்டில் 'இங்கிலாந்தின் மனிதர்க்கு' என்னும் பாட்டையும் இயற்றினார் என்பது எமது வகுப்பறைகளில் அருகியே கூறப்பட்டது. முதற் பாட்டில் விதையைக் கொண்டுசென்று மண்ணிற் சேர்ப்பது காற்று. இரண்டாவதிலோ விதைப்பவர் மனிதர். விதைப்பவர்க்கும் விளைவைக் கொள்பவர்க்கும் இடையிலுள்ள முரண்பாடே பாட்டின் பொருள். ஒரே கவிஞரிடம் பருவத்தின் இயக்கமும் உழைப்பின் இயக்கமும் அருகருகே நின்றன. நாம் பெற்றுக்கொண்டது காற்றை, விட்டுவிட்டது உழவனை.

பின்னைய வரலாறு இப்படிமத்தை மேலும் பரப்பியது. 1848 இன் ஐரோப்பிய எழுச்சிகள் 'மக்களின் வசந்தம்' எனப்பட்டன. பெப்ரவரியில் மன்னனை அகற்றிய பாரிஸ் நகரிலேயே, யூன் மாதத்திற் தொழிலாளர் குருதியில் மூழ்கடிக்கப்பட்டனர். 1954 இல் வெளியான எரென்பேர்க்கின் 'பனியுருகல்' ஒரு காலகட்டத்துக்கே பெயர் கொடுத்தது. 1967 யூலையில் நக்சல்பாரி எழுச்சியைச் சீனத்து மக்கள் நாளிதழின் ஆசிரியத் தலையங்கம் வசந்தத்தின் இடிமுழக்கம் என வரவேற்றது. சீன உழவரின் நாட்காட்டியில் மார்ச் மாதத் தொடக்கத்து இடி, மண்ணுள் உறங்கும் உயிர்களை எழுப்புவதாகக் கொள்ளப்படுகின்றது. அங்கே அது நிலத்தோடு ஒட்டிய படிமம். எமது கவிஞர்கள் நாட்காட்டியை விட்டு முழக்கத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டனர். 1968 இன் பிராக் வசந்தம் ஓகஸ்டில் தாங்கிகளால் முடித்துவைக்கப்பட்டது. 2010 டிசெம்பரில் துனீசியாவில் மூண்ட எழுச்சி, குளிர்காலத்திலே தொடங்கியதாயினும், அரபு வசந்தம் எனப் பெயர்பெற்றது. இந்நிகழ்வுகளின் அரசியல் உள்ளடக்கம் வெவ்வேறாக இருப்பினும் பெயர் ஒன்றாகவே இருந்தது. உள்ளடக்கத்தைப் பொருட்படுத்தாது எதனோடும் பொருந்தும் பெயர் எதனையும் விளக்குவதில்லை.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். குறியீடு புவியியலுக்குக் கட்டுப்பட்டதன்று. பனிபெய்யாத நாட்டுக் கவிஞன் பனியைப் பாடலாகாதா? பாடலாம். மானிடப் பண்பாடு பொதுச்சொத்து. அயலிலிருந்து வந்தமையால் மாத்திரம் ஒரு படிமத்தை விலக்குதல் குறுகிய தேசியவாதமாகும். எமது ஆட்சேபம் படிமம் எங்கிருந்து வந்தது என்பது பற்றியதன்று. அது என்ன செய்கின்றது என்பது பற்றியது. பருவம் தானே வருவது. அதனைக் கொணர எவரும் முயலவேண்டியதில்லை. தடுக்கவும் எவராலும் இயலாது. மீண்டும் போகவும் செய்யும். சமூக மாற்றத்தை இப்படிமத்துள் அடைத்துவிட்டால், புரட்சி வரலாற்றுச் செயலாக இராது இயற்கை நிகழ்வாகிவிடுகின்றது. மனிதன் செயற்படுவோன் என்ற நிலையிலிருந்து காத்திருப்போன் என்ற நிலைக்கு இறங்கிவிடுகின்றான். வசந்தம் வந்தே தீரும் என்னும் எமது கவிஞர்களின் உறுதிமொழியில், விதியென்னும் பழைய கருத்து செவ்வாடை உடுத்து மறுபடியும் வருகின்றது. பொருள்முதல்வாதம் பேசிய நாமே அதற்கு இடமளித்தோம்.

6

இலங்கையில் பனி நீங்கி வேனில் வருதலை மெய்யாகவே காணத்தக்க இடம் நுவரெலியாவை அடுத்த மலைப்பகுதி. சனவரி, பெப்ரவரி மாதங்களிற் சில அதிகாலைகளில் அங்கே உறைபனி படிந்து தேயிலைத் தளிர் கருகும். ஏப்பிரலில் குதிரைப் பந்தயமும் மலர்க்காட்சியும் நிகழும். வெள்ளையர் தொடக்கிவைத்த அந்தச் 'சீசன்' கொழும்பு வசதிபடைத்தோரின் வசந்தமாக இன்றும் தொடர்கின்றது. அதே வேளையில் மழையோடு தேயிலை தளிர்த்தெழுகின்றது. தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கு அது கூடை நிறையும் காலம், முதுகு வளையும் காலம்; நிறுவை குறைந்தால் முழுப் பேர் அரைப் பேராகும். பனியின் கருகலும் வேனிலின் தளிர்ப்பும் அவளது கூலியில் வேறு வேறு வகையாகப் பதிகின்றன. மலர்க்காட்சியைப் பாடும் கவிதையும் அரைப் பேரைப் பாடும் கவிதையும் ஒரே பருவத்தைத்தான் பாடுகின்றன. எதனைப் பாடுவது என்பது அழகியற் தெரிவு மாத்திரமன்று. வர்க்கச் சார்பும் ஆகும்.

இப்போது தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறலாம். உழைப்பும் முரண்பாடும் செயலும் அகற்றப்பட்ட வசந்தம் வெறுங்கூடு. அவ்வெறுங்கூட்டினுள் அரண்மனையும் கோயிலும் ஒரு காலத்திற் குடிபுகுந்தன. பின்னர் நாம் புகுந்தோம். 2009 இல் அரசு புகுந்தது. போரை மனிதர் நிகழ்த்தினர் என்பதையும், நிலத்தை இழந்தோர் யார், கைப்பற்றியோர் யார் என்பதையும் 'வடக்கின் வசந்தம்' என்னும் பெயர் மறைத்தது. நடந்தது ஒரு பனிக்காலம், வருவது ஒரு வசந்தம். இரண்டுக்கும் எவரும் பொறுப்பில்லை. அழிவையும் மீட்சியையும் இயற்கையின் கணக்கில் எழுதிவிடும் இவ்வசதியைச் சொல்லுக்குள் வைத்தவர்களுள் நாமும் அடங்குவோம்.

ஆதலால் வசந்தத்தைக் கவிதையிலிருந்து விலக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. இளவேனிற்பத்தின் தலைவி அறிந்திருந்ததை மீண்டும் அறியவேண்டும் என்றே கூறுகின்றோம். பருவம் வந்துவிட்டது, அவர் வரவில்லை என அவள் வருந்தினாள். பருவத்தின் வருகையை மனிதரின் வருகையாக அவள் ஒருபோதும் மயங்கவில்லை. மீளக்குடியமர்ந்த கிராமங்களில் வேம்பு ஆண்டுதோறும் தவறாது பூக்கின்றது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரப் பந்தல்களில் அமர்ந்து கேட்ட கேள்விகளுக்கு வேம்பின் பூ விடையாகாது. அவ்விடையை மனிதரே தரவேண்டும். தராதவிடத்து மனிதரே பெற்றாகவேண்டும். இந்த வேறுபாட்டைத் தன்னுட் கொண்ட வேனிற் கவிதை எழுதப்படுமாயின், அதனை எந்தத் திட்டத்தின் தலைப்பாகவும் எவராலும் எடுத்துச்செல்ல இயலாது.